நீலச்சேலைக்காரி

ஷீலா: சோத்துத் தூக்க அங்குட்டு வச்சுருக்கேன். ஏங்க... கம்ப்யூட்டர்ல இது யாரு கல்யாணம்?

ஜெரால்டு: நம்ம கல்யாணந்தேன்.

ஷீலா: அப்ப உங்க பக்கத்துல நிக்கிற இந்த நீலச்சேலக்காரி யாரு?

ஜெரால்டு: ஏ... நீ வர்றதுக்குள்ள மூடிரலாம்னு பாத்தேன்...

ஷீலா: மூடாதீக! மவுஸ விடுங்க. மூஞ்சி என் மூஞ்சி. நான் கட்டுனது அரக்குச் செவப்புப் பட்டுல்ல? எங்க அப்பா கடை கடையா அலஞ்சு எடுத்தது.

ஜெரால்டு: ஸ்கேனர் கோளாறு.

ஷீலா: ஸ்கேனருக்கு என் சேல மேல மட்டும் என்ன கோவம்? பின்னாடி கோயில் திரை பச்சயாத்தான இருக்கு?

ஜெரால்டு: மானிட்டரு வேற பழசு...

ஷீலா: காரைக்குடியிலயே நம்மகிட்டத்தேன் புது மானிட்டருன்னு நேத்துப் பீத்துனீக!

ஜெரால்டு: கத்தாதடி. ஸ்டுடியோவுக்கு ஆள் வந்துரப் போகுது.

ஷீலா: நாளைக்கு அம்மா ஒக்கூர்லருந்து ஆல்பம் பாக்க வர்றாக. இதப் பாத்தா மயங்கி விழுந்துருவாக.

ஜெரால்டு: அவுகளுக்குக் காட்டுற படம் செவப்பாவே இருக்கு. இது வேற. இது... எனக்கு.

ஷீலா: ஏன், செவப்புல நான் நல்லால்லயா?

ஜெரால்டு: அதில்ல ஷீலா...

ஷீலா: நீலச்சேலயில வேற எவளாச்சும்...

ஜெரால்டு: அட கிறுக்கு! செவப்புல நீ எனக்குத் தெரியவே இல்ல.

ஷீலா: தெரியலன்னா?

ஜெரால்டு: அந்தத் திரையும் உன் சேலயும் எனக்கு ஒரே நெறம். ஈர மண்ணு மாதிரி. கழுத்துக்கு மேல மூஞ்சி மட்டும் தனியா நிக்கும்.

ஷீலா: எப்பருந்து?

ஜெரால்டு: பொறந்ததுலருந்து. மருந்தில்லன்னுட்டாரு டாக்டரு.

ஷீலா: அதான் தக்காளி வாங்கச் சொன்னா பாதி காயா வருதா?

ஜெரால்டு: அமுக்கிப் பாத்துத்தேன் வாங்குறேன்...

ஷீலா: சரி, கடைக்கு வர்ற படத்தயெல்லாம் எப்படிச் சரி பண்றீக?

ஜெரால்டு: ஒவ்வொரு நெறத்துக்கும் கம்ப்யூட்டர் நம்பர் காட்டும். தோலுக்கு இவ்வளவு, இலைக்கு இவ்வளவுன்னு. அந்த நம்பரத்தேன் நம்புவேன், கண்ண நம்ப மாட்டேன். வெளிய தெரிஞ்சா... நெறம் தெரியாதவன்ட்ட எவன் கலர் படம் குடுப்பான்?

ஷீலா: வெளிய வேணாம். எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?

ஜெரால்டு: தாலி கட்டுறதுக்கு முந்தி சொன்னா வேணாம்னுருவ. கட்டுனப்புறம் சொன்னா ஏமாத்திட்டான்னுருவ. நாளும் ஓடிப்போச்சு...

ஷீலா: ம்.

ஜெரால்டு: இன்னைக்குக் காலையில சும்மா சேலய மட்டும் மவுஸால வளச்சுப் புடிச்சு, செவப்ப நீலத்துக்குத் தள்ளிப் பாத்தேன். பொசுக்குன்னு நீ நிக்கிற... முழுசா. கொசுவம், கரை, எல்லாம். அப்புறம் பூச்செண்டுலயும் செவப்ப மட்டும் தள்ளுனேன். அதுக்குள்ள ரோசாப்பூ இருந்துருக்கு ஷீலா!

ஷீலா: பின்ன?

ஜெரால்டு: நான் வெறும் இலைக்கொத்துன்னுல்ல நெனச்சேன். இதென்ன, பொண்ணு கையில தழயக் குடுத்து அனுப்பிருக்காகன்னு...

ஷீலா: மாதாவே...

ஜெரால்டு: சிரிக்கிறியா, அழுகிறியா?

ஷீலா: ரெண்டுந்தேன். எல்லாப் படத்தயும் இதே மாதிரி மாத்துங்க. அம்மாவுக்குச் செவப்பு ஆல்பம், நமக்கு நீல ஆல்பம்.

ஜெரால்டு: கோவமில்லயா? மறச்சுட்டேன்னு...

ஷீலா: பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல உங்க சாக்ஸு காணாமப் போச்சே, ஞாபகமிருக்கா?

ஜெரால்டு: நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னாக. வெறுங்கால்ல சூவ மாட்டிக்கிட்டு பஸ் ஏறுனேன். இப்ப எதுக்கு அந்தக் கதை?

ஷீலா: எங்க வீட்டுல ஏது நாயி? நாந்தேன் எடுத்து ஒளிச்சேன். ஒண்ணு பச்ச, ஒண்ணு பழுப்பு. எங்க பெரியப்பாவுக்கும் இதே கண்ணு, பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. நீங்களாச் சொல்லட்டும்னுதேன் இன்னைக்கு வரைக்கும் தெரியாத மாதிரி இருந்தேன். அன்னைக்கு அந்தச் சாக்ஸு எங்க சித்தி கண்ணுல பட்டா சம்பந்தத்தயே கலச்சு விட்டுரும்... எனக்கு உங்கள விட மனசில்ல.