பத்தொன்பது ஆண்டுகள் கோல் காத்த ஹால்மோஷ் ஜோம்போர் அவர்களுக்கு

ஹங்கேரியின் திசா ஆற்றங்கரை தந்த திண்தோள் காவலரே! பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, எங்களை அச்சமின்றி முன்னேற விட்ட அன்பரே! வணக்கம்.

புகழ வந்த இம்மடலில் முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்து மழைச் சேற்றில் ஏழு கோல் வாங்கித் தோற்றோம். ஏழுக்கும் தாங்களே காரணம் என்று எழுதி, தங்களை நீக்கக் கோரி, பதின்மர் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுத்தோம். தங்களை ஓரத்தில் அமர்த்திவிட்டு, மாற்றுக் காவலர் ஆகோஷைக் களமிறக்கினார்கள்.

மன்னிப்புக் கேட்க வந்தவர் கேப்டன் விடோர் ஒருவரே. "அண்ணே, அந்தக் கடிதம்..." என்று அவர் இழுத்தபோது, கையுறையைக் கழுவியபடியே தாங்கள் சொன்னீர்கள்: "படிச்சேன்டா. உன் கையெழுத்துதான் கோழி கிளறுன மாதிரி இருந்துச்சு. ஷூவை மாட்டு, ஆகோஷுக்குப் பந்தடிக்கணும்."

அன்றுமுதல் தங்கள் இடத்தில் நின்றவருக்கே நாள்தோறும் பந்தடித்துப் பழக்கினீர்கள். வருத்தமே இல்லாமல் செய்தீர்கள் என்று பொய் சொல்ல மாட்டோம். பயிற்சி முடிந்தபின் காரைக் கிளப்பாமல் நெடுநேரம் தனியே அமர்ந்திருந்ததைக் கண்டோம். கண்டும் காணாதவராய்க் கடந்தோம்.

அந்தப் போட்டிப் பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே முதல் பிரிவில் பிழைத்துக்கொள்வோம். ஆகோஷின் விரல் முறியவே, தாங்கள் இறங்கினீர்கள். எண்பத்தொன்பதாம் நிமிடத்துப் பெனால்டியை இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டீர்கள்! அந்த அழகில் மயங்கி நாங்கள் நின்றுவிட்டோம். திரும்பி வந்த பந்தை எதிரணி வலைக்குள் தள்ளியது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம்.

அந்தக் கோடையில் புடாபெஸ்டிலிருந்து பெரிய கழகமொன்று தங்களை அழைத்தது; தாங்கள் மறுத்துவிட்டீர்கள். எங்களில் சிலரும் வேறிடம் தேடிக்கொண்டிருந்தோம். விடோர் கேட்டார்: "நாங்க பண்ணதுக்கு நீங்க போனாலும் யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்கண்ணே. ஏன் போகல?"

"விழுறதும் எந்திரிக்கிறதும்தானடா என் பொழப்பு. கீழ கிடக்குறப்ப எங்க போறது?"

அதைக் கேட்டபின் ஒருவரும் போகவில்லை. இரண்டே ஆண்டில் முதல் பிரிவுக்கு மீண்டோம். தங்கள் சட்டை கிழியும்வரை கட்டியணைத்து, அன்றுதான் பத்துப் பேரும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டோம். "போங்கடா, மூச்சு முட்டுது" என்று அழுதீர்கள்.

நாற்பது வயதில் ஓய்வு பெறும் செம்மலே! முழங்கால் வலி தணியட்டும். ஞாயிறு மதியக் கோழி சூப்பை அண்ணியார் இபோயா இனித் தங்களோடு அமர்ந்து சூடாக அருந்தட்டும். நெடுங்காலம் நலமுடன் வாழ்க! திங்கட்கிழமை விடிந்ததும் பயிற்சிக்கு எழ வேண்டியதில்லை, நன்றாக உறங்குங்கள். கோலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் முன்னால் நின்றாடிய,
திசா கரைக் கால்பந்துக் கழகத்தார்