பிப்ரவரி முப்பதாம் தேதி ஓடிய லிஃப்ட்

இந்த அவைக்குத் தலைமையேற்று, நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்ட மருத்துவமனைப் பணியாளர் சங்கத் தலைவர் அவர்களே, முப்பது ஆண்டுகள் ஊசி குத்தியும் ஒருவர் மனத்தையும் குத்தாத மூத்த செவிலியர் பெருமாட்டிகளே, காலையில் வார்டையும் மாலையில் வீட்டையும் கழுவித் துடைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஆய்வகத்துத் தோழர்களே, சமையற்கூடத்துச் சகோதரர்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் காவலர் தம்பிகளே, நாளெல்லாம் நின்று உழைக்கும் உங்கள் கால்களுக்கு நின்றபடியே என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

பின்னால் கேட்கிறதா? கேட்கவில்லை என்று ஓர் அண்ணன் கையை ஆட்டுகிறார். அண்ணா, கேட்கிறதா என்று நான் கேட்டது மட்டும் உங்களுக்கு எப்படிக் கேட்டது? சிரிக்கிறார். சரி, கேட்கிறது.

இன்று நான் வாழ்த்த வரவில்லை, வாக்குக் கேட்கவும் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். மூன்றாம் வரிசையில் ஓர நாற்காலியில் நீலச் சட்டையோடு அமர்ந்திருக்கிறாரே, ஸ்ட்ரெச்சர் தள்ளும் தோழர், அவரிடம். ஏன், எதற்கு என்பதைத்தான் இந்த அரைமணி நேரமும் சொல்லப்போகிறேன். தலைவர் இருபது நிமிடம் என்று விரலைக் காட்டுகிறார். இருபது நிமிடமும் சொல்லப்போகிறேன்.

என்னை இந்தத் தொகுதியில் இடிமுழக்கம் என்பார்கள். பட்டம் கொடுத்தவர்கள் நீங்கள். அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரிந்தவன் நான். சென்ற ஜனவரியில் உங்கள் மருத்துவமனை லிஃப்டைப் பற்றிச் சட்டமன்றத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். அறுவை அரங்கமோ மூன்றாம் மாடியில். லிஃப்டோ இரண்டாம் மாடியைத் தாண்டுகிறது, மூன்றாம் மாடியைத் தொடுவதற்கு முன் நடுவானில் நின்றுவிடுகிறது, கதவைத் திறக்க மறுக்கிறது, கீழே இருந்து பொத்தானை அழுத்தினால் நல்ல பிள்ளையைப் போல் திரும்பிவிடுகிறது. விடுவேனா? ஏழை படுக்கும் கட்டில் ஏறாதா என்றேன். ஏறாத லிஃப்டுக்கு எதற்கு இத்தனை பொத்தான் என்றேன். உயரத்தில் அரங்கம், ஊமையாய் இயந்திரம், உறக்கத்தில் அரசாங்கம் என்றேன். அவையே அதிர்ந்தது. எதிர்வரிசைக்காரர்கள்கூட மேசையைத் தட்டினார்கள்.

அமைச்சர் எழுந்தார். "உறுப்பினரின் தமிழில் மயங்கிவிட்டேன். ஆவன செய்யப்படும்" என்றார், உட்கார்ந்தார். ஆவன செய்யப்படும். எவ்வளவு இனிமையான தமிழ் பாருங்கள். யார் செய்வார்? தெரியாது. எப்போது செய்வார்? தெரியாது. ஆவன என்றால் எவையெவை? அது ஆண்டவனுக்கும் தெரியாது. நான் மயங்க வைத்தேன், அவர் மயங்கினார், லிஃப்ட் அங்கேயே தொங்கியது.

அப்போதுதான் எனக்கு எழுத்து வினா நினைவுக்கு வந்தது. அது என்ன என்று சில தாய்மார்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள். சொல்கிறேன். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் எந்தத் துறையைப் பற்றியும் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி, மன்றத்தின் வினாப் பிரிவில் கொடுக்கலாம். அமைச்சர் அதற்கு எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அவர் பெயரில் அச்சாகும், அவை முன் வைக்கப்படும், ஆண்டாண்டுக்கும் கிடக்கும். கைதட்டல் இல்லை, மேசைத்தட்டல் இல்லை, மறுநாள் செய்தித்தாளில் படமும் இல்லை. ஆனால் பேசியது காற்றோடு போகும்; எழுதியது கழுத்தைப் பிடிக்கும்.

யார் கழுத்தை? அங்கேதான் இருக்கிறது கதை.

நான் எழுதிய கேள்வி ஒரே வரி. "மருத்துவமனையின் மின்தூக்கி இயங்குகிறதா?" இரண்டே வாரத்தில் பதில் வந்தது. "ஆம், இயங்குகிறது." பொய்யா அது? இல்லையே. மோட்டார் உறுமுகிறது, விளக்கு எரிகிறது, பெட்டி மேலே போகிறது, கீழே வருகிறது. இயங்கத்தானே செய்கிறது? கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த மீனை நானே கழுவி நானே நழுவவிட்டேன். பதிலைப் படித்தேன், பல்லைக் கடித்தேன், மேசை இழுப்பறையில் போட்டேன், அடுத்த பேச்சுக்கு அடுக்குமொழி தேடப் போய்விட்டேன்.

பிப்ரவரி பதினேழு. முதுகில் அடிபட்ட பேருந்து ஓட்டுநர் ஒருவரை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். நம் தோழரும் இன்னொருவரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். அறுபத்து நான்கு படிகள். ஐம்பத்தொன்றாம் படி அப்போதுதான் துடைத்த ஈரம். தோழரின் கால் வழுக்குகிறது. விழுகிறவன் கையை ஊன்றுவான், அதுதான் மனித இயல்பு. இவர் கையை ஊன்றவில்லை, ஸ்ட்ரெச்சரை விடவில்லை. முழங்காலைப் படிக்குக் கொடுத்தார், நோயாளியைத் தன் நெஞ்சுக்குக் கொடுத்தார். ஓட்டுநருக்கு ஒரு கீறலும் இல்லை. தோழரின் முழங்காலில் ஏழு தையல்.

அதற்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தது விளக்கம் கேட்டு ஓர் ஓலை. மின்தூக்கி இயங்கும்போது, நோயாளியைப் படிவழியே ஏற்றிய அலட்சியம் ஏன்? விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தம். மின்தூக்கி இயங்கியதற்கு என்ன ஆதாரம்? கூடவே ஒரு நகல் இணைத்திருந்தார்கள். தோழர்களே, அது சட்டமன்றத்தில் அமைச்சர் கொடுத்த பதில். என் கேள்வி. என் பெயர் மேலே, ஆம் என்ற சொல் கீழே. லிஃப்ட் ஓடவில்லை என்று இந்த மருத்துவமனையே சாட்சி சொன்னது. சொல்லி என்ன? ஊரே சொன்னது வாய்ச்சொல். அமைச்சர் சொன்னது அச்சு.

அந்த நகலோடு என் அலுவலகத்துக்கு வந்தவர் அவருடைய துணைவியார். அதோ, பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் சகோதரி. என் மேசைமேல் தாளை வைத்தார்.

"அண்ணா, இந்தக் கேள்வியைக் கேட்டது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"இதை வெச்சுத்தான் என் வீட்டுக்காரரை நிறுத்தியிருக்காங்க."

அந்தத் தாளை எடுத்து என் பெயரையே பார்த்தேன். கடைசியில் ஏதோ சொல்ல வேண்டுமே என்று, "கவலைப்படாதேம்மா, அடுத்த கூட்டத்துல இதைப் பத்திப் பேசி உலுக்கிடறேன்" என்றேன்.

"பேசுனது போதும்ணா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சரிவராத துணியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். "நீங்க பேசுனப்ப நாங்களும் டிவில பார்த்தோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கேள்வியை இப்படியா கேக்கிறது? என் கடைக்கு வர்றவங்ககிட்ட 'சட்டை சரியா இருக்கா'ன்னு கேட்டா, கழுத்து இறுக்குறவங்ககூட 'இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அதனால நான் கேக்கிறதே இல்ல. டேப்பை வெச்சுடுவேன். தோள் எத்தனை, கை எத்தனை. நீங்களும் அவர்கிட்ட அளவைக் கேளுங்க."

அளவைக் கேளுங்கள். நாற்பது ஆண்டு மேடை எனக்குச் சொல்லித்தராததை நான்கு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். கைதட்டுகிறீர்கள். எனக்குத் தட்டாதீர்கள், அந்தப் பக்கம் திரும்பித் தட்டுங்கள்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். பழக்கதோஷம் விடுமா? இரண்டு பக்கம் வந்தது. ஏழையின் கண்ணீர் முதல் பக்கம், இயந்திரத்தின் துரோகம் இரண்டாம் பக்கம். வினாப் பிரிவில் ஓர் அலுவலர் அம்மையார் இருக்கிறார், சிவப்புப் பேனாவும் கையுமாக. முழுவதையும் படித்தார், மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "ஐயா, அருமையா இருக்கு. இதுல கேள்வி எங்க இருக்கு?" என்றார். தேடினேன். எனக்கே கிடைக்கவில்லை. இருவருமாக உட்கார்ந்து வெட்டினோம். உவமை போனது, உருக்கம் போனது, மிஞ்சியது இதுதான்: "சென்ற ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், இந்த மின்தூக்கி வழியாக மூன்றாம் தளத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர், தேதிவாரியாக?"

இதற்கு ஆம் என்று பதில் சொல்லுங்கள் பார்ப்போம். முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. எண் வேண்டும், தேதி வேண்டும். அமைச்சர் மேசையிலிருந்து செயலர் மேசைக்கு, அங்கிருந்து இயக்குநர் மேசைக்கு, அங்கிருந்து கண்காணிப்பாளர் மேசைக்கு என்று அந்த மூன்று வரி இறங்கியது. மேலேயிருந்து கீழே வருவதற்கு அதற்கு லிஃப்ட் தேவைப்படவில்லை. கடைசியில் பதிவேடு வைத்திருக்க வேண்டிய எழுத்தர் மேசையில் வந்து நின்றது. அவரிடம் பதிவேடு இல்லை, ஏனென்றால் ஏறியவர் யாரும் இல்லை. என்ன செய்வார் பாவம்? அச்சடித்த படிவம் இருந்தது. மாதத்துக்கு முப்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று நிரப்பி அனுப்பிவிட்டார். கீழே எழுதினார்கள், மேலே கையெழுத்துப் போட்டார்கள்.

பதில் என் கைக்கு வந்தது. படித்தேன். ஜனவரி ஒன்று, நாற்பத்திரண்டு நோயாளிகள். அறுவை அரங்கமே பூட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை, அன்றும் நாற்பத்திரண்டு. ஜனவரி முப்பது வரை வந்தேன். முப்பத்தொன்றைக் காணவில்லை. எங்கே போயிருக்கும்? புரட்டினேன். பிப்ரவரிக்குக் குடிபோயிருக்கிறது. இருபத்தெட்டோடு முடிந்த அந்த மாதத்தில், தோழர்களே, பிப்ரவரி இருபத்தொன்பது, நாற்பத்திரண்டு நோயாளிகள். பிப்ரவரி முப்பது, நாற்பத்திரண்டு நோயாளிகள்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது நாம் அறிந்ததுதான். இவர்கள் பூசணிக்காயை மறைக்க இரண்டு நாளையே புதிதாகப் படைத்துவிட்டார்கள்.

அப்போது எனக்குள் இருந்த பழைய இடிமுழக்கம் எழுந்து நின்றான். அவையில் இதை வைத்து ஒரு மணி நேரம் ஆடலாமே என்றான். நாடே சிரிக்கும், உனக்கு இன்னொரு பட்டம் கிடைக்கும் என்றான். உண்மையைச் சொல்கிறேன், நாக்கு ஊறியது. ஆனால் அவை சிரித்தால் அமைச்சரும் சேர்ந்து சிரிப்பார், என் தமிழில் மறுபடி மயங்குவார், தட்டச்சுப் பிழை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். நம் தோழருடைய வேலை? அது அந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போய்விடும். இடிமுழக்கத்தை உட்கார வைத்தேன். மறுபடி மூன்று வரி எழுதினேன். "பிப்ரவரி முப்பதாம் தேதி ஏற்றிச் செல்லப்பட்ட நாற்பத்திரண்டு நோயாளிகளுக்கான பதிவேட்டின் நகலை அவை முன் வைக்க முடியுமா? பதினேழாம் தேதிக்கான பக்கத்தையும் வைக்க முடியுமா?" அவ்வளவுதான். சிவப்புப் பேனா அம்மையார் ஓர் எழுத்தைக்கூட வெட்டவில்லை. அதுதான் என் வாழ்நாளில் நான் பெற்ற விருது.

பன்னிரண்டாம் நாள் அமைச்சர் இந்த மருத்துவமனைக்கே வந்தார், நினைவிருக்கிறதா? முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். நேராக லிஃப்டுக்குள் போனார், மூன்று என்ற பொத்தானை அழுத்தினார். பதினோரு நிமிடம் நடுவில் நின்றார். யாரோ கீழே இருந்த பொத்தானை அழுத்தியதால் இறங்கி வந்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாம் மாடிக்கு நோயாளி ஏறாத செய்தி அவர் மாடிக்கு ஏறவே இல்லை, அவ்வளவுதான். அவர் கையெழுத்தோடு வந்தது திருத்திய விடை. "முந்தைய இரு விடைகளும் தவறானவை. மின்தூக்கி சென்ற நவம்பர் முதல் மூன்றாம் தளத்தை அடையவில்லை. பதினேழாம் தேதி படிவழியே சென்ற பணியாளருக்கு வேறு வழி இருக்கவில்லை."

வேறு வழி இருக்கவில்லை. மூன்று சொல், தோழர்களே. நான் நாற்பது நிமிடம் பேசிய எந்த அடுக்குமொழியும் இந்த மூன்று சொல்லுக்கு உறைபோடக் காணாது. எந்த அச்சு அவரை வெளியே அனுப்பியதோ, அதே அச்சு அவரைத் திரும்ப அழைத்தது.

ஆனால் நடுவில் தொண்ணூற்றேழு நாட்கள் போயின. தொண்ணூற்றேழு நாட்கள் இந்த மனிதர், நோயாளியைக் கீழே போட்டவன் என்ற பேரோடு தெருவில் நடந்திருக்கிறார். தையல் கடையில் பித்தான் கட்டிக்கொண்டு, யாராவது பழக்கமானவர் வந்தால் உள்ளறைக்கு எழுந்து போயிருக்கிறார். அந்தத் தொண்ணூற்றேழு நாட்களுக்குக் காரணம் அமைச்சர் மட்டுமா? எழுத்தர் மட்டுமா? சோம்பலாக ஒரு கேள்வி கேட்டானே, அவன் இல்லையா? தோழரே, உங்களை நிறுத்திய அந்த ஆம் என்ற சொல், என் கேள்வியில் பிறந்தது. ஊர் முன்னிலையில் அந்தப் பேர் உங்களுக்கு வந்தது, அதனால் ஊர் முன்னிலையில் சொல்கிறேன். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அனைவரிடமும் ஒன்று கேட்கிறேன். என்னிடம் கண்ணீரைக் கொண்டு வாருங்கள், துடைப்பேன். கூடவே அளவைக் கொண்டு வாருங்கள். ஊசி இல்லை என்று சொல்லாதீர்கள். எந்த ஊசி, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று சொல்லுங்கள். தண்ணீர் வரவில்லை என்று சொல்லாதீர்கள். எந்தக் குழாய், எத்தனை மணிக்கு நின்றது என்று சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததை நான் வினாவாக்குவேன். வினா மேசைமேசையாக இறங்கும். விடை அச்சாகி வரும். ஆள்கிறவர் யாராக இருந்தாலும், நாளை என் கட்சியே ஆண்டாலும், அந்த அச்சுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். கேள்வி கேட்பது எதிர்ப்பு அல்ல, கேள்வி கேட்பதுதான் எங்களுக்கு நீங்கள் கொடுத்த வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறேனா என்று என்னையும் கேளுங்கள், தேதிவாரியாகக் கேளுங்கள்.

என்ன, தோழர் எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் கொஞ்சம் கொடுங்கள் தம்பி. வேண்டாம் என்கிறார், சத்தமாகவே சொல்கிறார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குண்ணா, விடுங்க. மணி ஒன்றரை ஆச்சு. ரெண்டு மணிக்கு எனக்கு டியூட்டி. மூணாவது மாடியில ஒரு கேஸ் இருக்கு."

போங்கள் தோழரே, போங்கள். வழி விடுங்கள், நாற்காலியை நகர்த்துங்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எழுத்தில் அல்ல, வாயாலேயே. எப்படிப் போவீர்கள்?

"லிஃப்ட்லதாண்ணா."

கேட்டதா பின்னால் நிற்கும் அண்ணனுக்கு? கேட்டதாம். இந்த விடைக்குத் துணைக்கேள்வி என்னிடம் இல்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் தலைவருக்கும், எனக்கு அளவெடுக்கக் கற்றுத்தந்த சகோதரிக்கும் நன்றி கூறி, பணிக்குப் போகிற தோழரின் முதுகைப் பார்த்தபடியே வணங்கி விடைபெறுகிறேன்.