பூனை வீடு திரும்பிய காரணம்

எங்கள் வீட்டு ஏ.சி.க்குள் கழுவ வேண்டிய ஃபில்டர் ஒன்று இருப்பதே நான்கு வருடங்களாக எனக்குத் தெரியாது. குளிர் குறைந்தால் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவேன், எப்படியோ சரியாகிவிடும். போன வாரம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில்தான் ஞானம் வந்தது. முன்சீட்டுப் பெண்மணி, வழியில் ஏறிய தன் ஏ.சி. மெக்கானிக்கைக் கண்டுகொண்டார்.

“தம்பி, உன் புண்ணியத்துல எங்க பூனை இன்னிக்கு வீட்டுக்கு வருது.”

“பூனையாக்கா?”

“எம்மவளுக்கு ஆறு மாசமா இருமல். பூனை முடிதான் காரணம்னு அண்ணாமலை நகர்ல தங்கச்சி வீட்ல வுட்டுட்டோம். புள்ள அழுத அழுகை! நீ ஃபில்டரைக் கழட்டுனியே, கம்பளி மாதிரி தூசி. கழுவி மாட்டுன பொறவு இருமலே இல்லப்பா. பூனைக்குப் பால் வாங்கி வச்சுட்டு வாசல்லயே நிக்கிறா. நீ நல்லா இருக்கணும்.”

“நானா கழுவுனேன், தண்ணி கழுவுச்சு. மாசம் ஒருதரம் கழுவுங்கக்கா, பூனை மேல பழி போடாதீங்க.”

வீட்டுக்கு வந்து, கதையைச் சொல்லிக்கொண்டே ஏ.சி.யைத் திறந்தேன். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது.

“மாசாமாசம் நான்தான் கழுவுறேன்” என்றாள் மனைவி. “அவுங்க பழியைப் பூனை மேல போட்டாங்க. நீங்க நல்ல பேரை பேட்டரிக்குக் குடுத்தீங்க.”