நிலாவின் மேல் விழுந்த நிழல் யாருடையது?

தாயின் விழா நடக்கும் இந்த மூன்று நாளும் ஆண்களின் அவைக்கு விடுமுறை கொடுத்துவிட்டு நம்மை ஆளும் பொறுப்பை ஏற்றிருக்கும் தலைவி திமானசா அம்மையார் அவர்களே! பயிர் காக்கும் தெமேத்தர் தாயின் திருமுன் தீபம் தாங்கி நிற்கும் பூசைப் பெண்டிரே! விழாவின் பட்டினி நாளான இன்றும் பகடி குறையாத மூத்தவர்களே! காலிம்னாத் தீவின் கரைதோறும் கணவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கண் துஞ்சாத தாய்மார்களே! நொச்சித் தழை விரித்த தரைப் படுக்கையில் முதல்முறையாக அமர்ந்து, எப்படி உட்காருவது என்று தெரியாமல் நெளியும் புதுமணப் பெண்களே! உங்கள் எல்லோர் முன்னும் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

"சத்தமாப் பேசுடி! என் வயித்துச் சத்தத்துல நீ பேசுறது கேக்கல!"

கல்லிஸ் அக்காவின் குரல்தானே அது? கப்பல்காரர் வீட்டு அம்மா அல்லவா, குரலும் கப்பற்பாய் போலத்தான் விரியும். இதோ, உரக்கப் பேசுகிறேன் அக்கா.

"புருசன்கிட்டயும் இப்படித்தான் முணுமுணுப்பியா?"

இல்லை அக்கா. என் வீட்டில் முணுமுணுப்பவர் அவர்தான்.

சிரியுங்கள். சிரிக்கவும் ஏசவும் தாய் நமக்கு அனுமதி தந்த நாள் இது. ஆனால் இந்தச் சிரிப்புக்கு நடுவே ஒருத்தி சிரிக்காமல் நிற்கிறாள். எல்லோரும் தழைமேல் அமர்ந்திருக்க, அவள் மட்டும் வாசலில், சுவரோரம், முக்காடு முகத்தை மறைக்க நின்றுகொண்டிருக்கிறாள். மிர்தாலே. தெசலி நாட்டிலிருந்து நம் ஊருக்கு வாழ வந்தவள்.

அவளை உள்ளே விடலாமா, கூடாதா? இன்று மாலைக்குள் நாம் முடிவு சொல்ல வேண்டும். முறைப்படி மணந்த மனைவிதான் இந்தத் தழைமேல் அமரலாம் என்பது நம் வழக்கம். அதன் மறுபக்கத்தை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? இங்கே இடம் இல்லாதவளுக்கு வீட்டிலும் இடம் இல்லை. "பெண்களே இவளை ஒதுக்கிவிட்டார்கள், இவள் என்ன மனைவி?" என்று கேட்க அவள் கணவனின் அண்ணன்மார் காத்திருக்கிறார்கள். அடுத்த கப்பலில் அவளை ஏற்றுவார்கள். அவள் வயிற்றில் வளரும் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் இருக்காது.

அவள்மேல் சொல்லப்படும் குற்றம் என்ன? நிலாவை இழுத்தாள் என்பது.

போன பௌர்ணமி மாலையை மறந்தவர் யார்? மேற்கே கதிரவன் கடலில் காலை நனைத்துக்கொண்டிருந்தான். கிழக்கே, கடலுக்கு அப்பால் காரியா மலைகளுக்கு மேல் நிலா எழுந்தது. எழும்போதே பழுதுபட்டு எழுந்தது. ஒருபுறம் கருத்து, மறுபுறம் வெளுத்து! நாம் என்ன செய்தோம்? நிலாவை மீட்க வெண்கலப் பானையைத் தட்டினோம், சட்டியைத் தட்டினோம், கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினோம். நானும் தட்டினேன். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு வீட்டில் சத்தம் இல்லை. பிலித்தா அக்காவின் வீட்டில் அவள் மகள், தத்தித் தத்தி நடக்கும் மிக்கா, காய்ச்சலில் கிடந்தாள்.

பக்கத்து வீட்டு மிர்தாலே ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாசற்படியில் வைத்தாள். பிலித்தா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மலைக்கு மேலே ஏறிவிட்ட நிலா, குறைபட்ட நிலா, அந்தத் தண்ணீருக்குள் கிடந்தது! மறுநாள் விடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

தெசலிப் பெண்கள் நிலாவைப் பாத்திரத்துக்குள் இழுப்பார்கள் என்று நாம் தாலாட்டோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அந்தக் கதை அன்று நினைவுக்கு வந்தது. இதில் நான் யாரைக் கோபிப்பேன்? பிலித்தா அக்கா, உன்னை எதிர்த்துப் பேச நான் எழவில்லை. நிலாவுக்கு என்ன நடந்தது என்று சொல்லவே எழுந்தேன். இரண்டும் வேறு.

ரோட்ஸ் தீவில் மாமா வீட்டில் தங்கிச் சில காலம் படித்தேன். என் வீட்டில் எழுத்தைத் தொட்ட முதல் ஆள் நான். படித்ததில் பாதி மறந்தது. மறக்காத ஒன்றை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நாம் நிற்கும் இந்த மண்ணின் வடிவம் என்ன? நம் கிரேக்க முன்னோர் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தவித்திருக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் பலகை என்றார் ஒருவர். தூணின் துண்டு, அதன் தலையில் நாம் நிற்கிறோம் என்றார் மற்றொருவர். காற்றில் தங்கும் தட்டு என்றார் வேறொருவர். அறிவாளிகள்தாம், ஆனாலும் தவறினார்கள். தவறியதற்காக யாரும் யாரையும் கப்பல் ஏற்றவில்லை. பேசினார்கள், மறுத்தார்கள், மறுபடியும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் உருண்டை என்றார். முதலில் சொன்னவர் யார் என்பதில் ரோட்ஸில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். சொன்னவர் யாராகவும் இருக்கட்டும். சான்று எது?

தலைவி அவர்களே, ஒரு கேள்விக்கு அனுமதி வேண்டும். பிலித்தா அக்கா, அன்று நிலா எப்படி இருந்தது? நீ பார்த்ததைப் பார்த்தபடி சொல்.

"என்னத்தச் சொல்ல... ரொட்டியில புள்ள வாய வச்ச மாதிரி இருந்துச்சு. வளைவா. வளைவாக் கடிச்ச மாதிரி."

வளைவாக! அவையோரே, கேட்டீர்களா? வேறு விதமாகப் பார்த்தவர் உண்டா? கோடு கிழித்தாற்போல நேராகப் பார்த்தவர்? கோணலாகப் பார்த்தவர்? இல்லை. இத்தனை பேரும் வளைவைத்தான் பார்த்தீர்கள்.

"நிலா வட்டமா இருக்கு, அதான் வளைவாத் தெரிஞ்சுது. இதுக்கு ரோட்ஸ் வரைக்கும் போவணுமாக்கும்?"

நல்ல கேள்வி கல்லிஸ் அக்கா. மாதாமாதம் நிலா தேய்கிறதே, அப்போதும் அது வட்டம்தானே? பாதி நிலாவில் இருளின் விளிம்பு எப்படி இருக்கிறது? கத்தியால் நறுக்கியதுபோல் நேராக இருக்கிறது. பிறையில் ஒருவிதம், பாதியில் ஒருவிதம், பாதிக்கு மேல் வளர்ந்தால் வேறுவிதம். ஆனால் இப்படி முழுநிலாவை இருள் பிடிக்கும் நாளில், எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த நேரமானாலும் அந்த விளிம்பு வளைவு, வளைவு, வளைவு மட்டுமே. ஏன்?

உங்கள் கைகளை விரியுங்கள். அன்று கதிரவன் இருந்த மேற்கே ஒரு கை. நிலா இருந்த கிழக்கே ஒரு கை. நடுவில் இருப்பது யார்? நீங்கள்! நீங்கள் நிற்கும் மண்! விளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நின்றால் சுவரில் விழுவது என்ன? நிழல்! அந்த இருள் நிலாவை யாரோ கடித்த கடி இல்லை. நிலாமேல் விழுந்த நிழல். நாம் நிற்கும் மண்ணின் நிழல்.

இப்போது அந்த மண் என்ன வடிவம் என்று பார்ப்போம். புதுப்பெண்கள் இருவர் எழுந்து வாருங்கள், உங்கள் வெள்ளை முக்காடு ஒன்றை வெயிலில் விரித்துப் பிடியுங்கள். கல்லிஸ் அக்கா, பக்கத்தில் இருக்கும் ரொட்டித் தட்டை எடுங்கள். பட்டினி நாளில் அது சும்மாதானே இருக்கிறது.

"பாத்துடி, தட்டைப் பாத்தாலே பசிக்குது. கடிச்சுரப் போறேன்."

கடிக்காதீர்கள். வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். துணியில் என்ன விழுகிறது? வட்டம். சரி, தட்டின் விளிம்பு வெயிலைப் பார்க்கும்படி திருப்புங்கள். இப்போது?

"அட! குச்சி மாதிரி இருக்கு."

குச்சி! அன்று மாலை கதிரவன் எங்கே இருந்தான்? உச்சியிலா? இல்லை, கடலின் விளிம்பில் இருந்தான். நாம் நிற்பது தட்டாக இருந்திருந்தால் அந்த ஒளி தட்டின் விளிம்பில் அல்லவா பட்டிருக்கும்? நிலாவின் மேல் ஒரு குச்சி அல்லவா விழுந்திருக்கும்? விழுந்ததா?

"இல்ல!"

இன்னும் உரக்கச் சொல்லுங்கள், விழுந்ததா?

"இல்ல! இல்ல!"

இந்தக் கம்பளி நூல் உருண்டையைப் பிடியுங்கள் அக்கா. திருப்புங்கள். சாயுங்கள். தலைகீழாகப் பிடியுங்கள். எப்படிப் பிடித்தாலும் என்ன நிழல்?

"வட்டம். எப்புடி உருட்டினாலும் வட்டந்தான். அடியே, நம்ம பூமி நூலுருண்டையா?"

ஆம் அக்கா, உருண்டை! எந்தப் பக்கம் ஒளி பட்டாலும் வட்ட நிழல் தருவது உருண்டை ஒன்றுதான். ரோட்ஸில் நான் படித்த சான்று இது. அதைப் படிக்காமலே, சட்டியைத் தட்டிக்கொண்டே, நீங்கள் எல்லோரும் கண்ணால் கண்டீர்கள்.

இன்னும் வேண்டுமா? இந்தக் குன்றில் நின்று கணவன் வரும் படகைத் தேடாத கண் இங்கே எது? முதலில் எது தெரிகிறது? பாய்மர நுனி. பிறகு பாய். கடைசியில்தான் படகும் அதில் நிற்கும் ஆளும். கடல் தட்டையாக இருந்தால் படகு முழுதும் புள்ளியாகத் தொடங்கிப் பெரிதாக வேண்டாமா? அடிப்பக்கத்தை இதுவரை மறைத்தது யார்? வளைந்த கடல்! கல்லிஸ் அக்கா, நீங்கள் எகிப்துக்குப் போய்வந்தவர். தெற்கே அந்தப் பெரிய நட்சத்திரம்?

"ஆமா, இங்க கடலத் தொட்டுக்கிட்டு எட்டிப் பாத்துட்டு ஓடிப் போயிருமே, அதானே? அங்க பனைமர உசரத்துல நின்னுச்சு. வேற நட்சத்திரமோன்னு எம் புருசன்கிட்ட சண்டையே போட்டேன்."

நட்சத்திரம் ஏறவில்லை அக்கா. நீங்கள் உருண்டையின் வளைவில் தெற்கே நடந்தீர்கள்.

"உருண்டைன்னா அடியில இருக்கவன் விழுந்துற மாட்டானா?" யார் கேட்டது? ஒரு புதுப்பெண். அவளுக்கு நான் பதில் சொல்வதற்குள், "நீ கட்டில்லேருந்தே விழுறவ, உனக்கு அந்தக் கவலதான்" என்று பக்கத்தில் இருப்பவள் சொல்லிவிட்டாள்! விழமாட்டார்கள் தங்கையே. கனமான பொருள் எல்லாம் இந்த உருண்டையின் நடுவை நோக்கி விழுகிறது. அவர்களுக்கும் கீழ் என்பது காலடிதான், மேல் என்பது வானம்தான்.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

அன்று நிலாவை மறைத்தவள் மிர்தாலே என்றால், அதே நிலாவைத் தெசலியில் மறைத்தவள் யார்? ஏதென்ஸில் யார்? எகிப்தில் யார்? அங்கெல்லாம் ஒரே நிலா, ஒரே இருள். ஒரு பெண்ணின் பாத்திரத்துக்குள் அடங்குமா அது? அந்த நிழலுக்குள் இருந்தது எது? இந்தக் குன்று இருந்தது. இந்தக் கோயில் இருந்தது. காரியாவின் மலையும் கடலும் இருந்தன. சட்டி தட்டிய நானும் இருந்தேன், நீங்களும் இருந்தீர்கள். குற்றம் என்றால் அது நம் எல்லோருடைய குற்றம். குற்றவாளி என்றால் அது நம் காலடி மண். மண்ணைக் கப்பல் ஏற்ற முடியுமா தாய்மார்களே?

ஒருத்தியைத் தேசம் பார்த்து, மொழி பார்த்து, கேட்ட கதை பார்த்து ஒதுக்குவது எளிது. ஆனால் உருண்டைக்கு ஓரம் ஏது? எவளை எந்த ஓரத்தில் கொண்டுபோய்த் தள்ளுவோம்?

பிலித்தா அக்கா எழுகிறாள். அமைதியாக இருங்கள், அவள் பேசட்டும்.

"நீ படிச்சவ. சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்போ எம் புள்ள எதனால போச்சு? அதைச் சொல்லு."

அக்கா...

எனக்குத் தெரியாது.

நிலாமேல் விழுந்த நிழலைச் சொல்லத் தெரிந்த பெரியவர்களுக்கும் காய்ச்சல் ஏன் ஒரு குழந்தையை விட்டுவிட்டு இன்னொரு குழந்தையைத் தூக்கிச் செல்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஒரு பெயரை எழுதி வைத்தால் மனம் சற்று ஆறும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தில் மிர்தாலேயின் பெயரை எழுதாதே அக்கா. அது அவளுடைய இடம் இல்லை.

பிலித்தா அக்கா வாசலைப் பார்த்துப் பேசுகிறாள். எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், என்ன கேட்டாள்?

"'அந்தத் தண்ணியை எதுக்குடி கொண்டாந்தே?'ன்னு கேக்குறா."

மிர்தாலே, பதில் சொல்லம்மா. தெசலிப் பேச்சிலேயே சொல், எங்களுக்குப் புரியும்.

"நெத்தியில ஈரத்துணி போடலாம்னு அக்கா. வாசல்ல இருந்த உங்க பானைத் தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. கிணத்துல புதுசா இறைச்சேன். உள்ள வரலாமான்னு கேக்கத் தயங்கி வாசப்படியிலயே வச்சுட்டேன்."

 

தலைவி அவர்களே, நீங்கள் அவையின் முடிவைக் கேட்க எழுகிறீர்கள். சற்றே பொறுங்கள். குற்றம் சொன்னவளே இடம் கொடுத்தால் அவை வேறு முடிவு கேட்பதில்லை என்பது நம் வழக்கம் அல்லவா? அங்கே பாருங்கள். பிலித்தா அக்கா தன் தழைப் படுக்கையில் அமர்ந்துவிட்டாள். அமர்ந்தவள் ஒரு பக்கமாக நகர்கிறாள். இன்னும் கொஞ்சம் நகர்கிறாள். பக்கத்துத் தழையைக் கையால் தட்டிச் சரிசெய்கிறாள்.

"வயித்துப் புள்ளக்காரி எவ்வளவு நேரந்தான் நிப்பே? வந்து உக்காரு."

வழி விடுங்கள் தாய்மார்களே. காலை மடக்கிக்கொள்ளுங்கள், அவள் வரட்டும்.

பசித்த வயிற்றோடும் பொறுமை குறையாமல் கேட்ட தலைவி அவர்களுக்கும், தட்டைக் கடிக்காமல் திருப்பிக் கொடுத்த கல்லிஸ் அக்காவுக்கும், கை வலிக்கத் துணி பிடித்த பெண்களுக்கும், கேட்கக் கடினமான கேள்வியைக் கேட்ட பிலித்தா அக்காவுக்கும் என் நன்றி. நம் பிள்ளைகளைத் தெமேத்தர் தாய் காக்கட்டும். இறங்குகிறேன், வணக்கம்.