ஆயுத பூஜைக்கு நின்ற சர்வர்

தாமல் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"தறியோட சேர்த்து சர்வரையும் நிறுத்திட்டேன்கா" என்றாள் இளையவள். அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"எந்த சர்வரு?" என்று கேட்டாள் மூத்தவள்.

"மெயில் வர்றதுக்கு எங்க வூட்டுக்காரரு லினக்ஸ் போட்டு வூட்லயே புதுசா ஒரு கம்ப்யூட்டர் பொட்டி வெச்சிக்கிறாரு. பொடவை ஆர்டர் எல்லாம் அதுலதான் வரும். ஆயுத பூஜை அன்னிக்கு எதுவும் ஓடக்கூடாதுல்ல? சந்தனம் வெச்சு, பிளக்கைப் புடுங்கிட்டேன்."

"அவரு என்னா சொன்னாரு?"

"ஒரு கல்யாண ஆர்டருக்கு காத்துக்கினு இருந்தாருக்கா. அன்னிக்கு சாப்புடவே இல்ல."

"ஆர்டர் போச்சா?"

"இல்ல. மறுநாளு பிளக்கை சொருகினதும் வந்துடுச்சு. நாம தொறக்குற வரைக்கும் அனுப்புனவங்க மிஷினு விட்டு விட்டு தட்டிக்கினே இருக்குமாம்."

"அப்ப நல்லதுதானே?"

"இவரு உடனே பதில் போட்டாரு. புது சர்வருன்றதால அது அவங்க ஸ்பாம் குப்பையில போய் வுழுந்துடுச்சு. பதிலே வரலன்னு அவங்க வேற கடையில எடுத்துட்டாங்க."

மூத்தவள் கைப்பையை மடியில் நகர்த்திக்கொண்டாள்.

"உன்னையா திட்டுனாரு?"

"திட்டினு இருந்தாரு. 'நான் நிறுத்தி வெச்சது வந்து சேந்துடுச்சு, நீங்க அனுப்புனதுதான் போய் சேரல'ன்னு சொன்னேன். அதுலருந்து பேசறது இல்ல."