ஆள் பார்த்து மாறும் வயசு

நர்ஸ்: மறுபடியும் கேக்கறேன். உங்க வயசு என்ன?

பார்லர்க்காரம்மா: இப்பத்தானே கேட்டுட்டுப் போனே... மண்டையைத் திறந்தது எனக்கு, மறதி உனக்கா?

நர்ஸ்: வயசைச் சொல்லுங்கம்மா.

பார்லர்க்காரம்மா: அறுபத்திநாலு.

நர்ஸ்: காலையில அம்பத்தெட்டுன்னீங்க. நேத்து மத்தியானம் அறுபத்திநாலு. சாயங்காலம் திரும்ப அம்பத்தெட்டு.

பார்லர்க்காரம்மா: தங்கம் விலை மாதிரி... ஏறும், இறங்கும்.

நர்ஸ்: விளையாட்டு இல்லம்மா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு ஒரு வாரம்தான் ஆகுது. வெடிச்ச இடத்தை அடைச்சாச்சு. ஆனா மத்த குழாயெல்லாம் சுருங்கற நேரம் இதுதான். பேச்சு குழம்பினா நாங்க பயந்துடுவோம். வயசானவங்களுக்கு ஆபத்து இன்னும் கூட. டாக்டர் உங்களைத் திரும்ப உள்ள கொண்டு வரச் சொல்லிட்டாரு.

பார்லர்க்காரம்மா: உள்ளேன்னா?

நர்ஸ்: தொடை வழியா ட்யூப் விட்டு மூளைக்குழாயைப் பார்க்க. ஸ்ட்ரெச்சர் வந்துட்டிருக்கு.

பார்லர்க்காரம்மா: ஐயோ, வேணாம் கண்ணு. கதவைச் சாத்து... எனக்கு ஒரு குழப்பமும் இல்ல. அவரு பக்கத்துல இருந்தா அம்பத்தெட்டு. இல்லேன்னா அறுபத்திநாலு.

நர்ஸ்: என்னது?

பார்லர்க்காரம்மா: அவருக்கு அறுபது. கட்டிக்கிறப்ப ஆறு வயசைக் குறைச்சுட்டேன். உன்கிட்ட மறைச்சா மருந்து மாறிடுமே... உயிர் மேல ஆசை, வேறென்ன.

நர்ஸ்: இத்தனை வருஷமா அவருக்குத் தெரியாதா?

பார்லர்க்காரம்மா: பார்லர் சும்மாவா வெச்சிருக்கேன்? சாயம் பூசி வெச்சிருந்த தலையை உங்க ஆளுங்கதான் மழிச்சு மானத்தை வாங்கிட்டாங்க. வெள்ளை வெளேர்னு முளைக்குது பாரு. அவரு வர்ற சத்தம் கேட்டா துணியைச் சுத்திக்கறேன்.

வீட்டுக்காரர்: சுத்த வேணாம். கதவுக்கிட்ட வந்து நின்னு ரொம்ப நேரமாச்சு.

பார்லர்க்காரம்மா: ஏங்க... எதுவரைக்கும் கேட்டுச்சு?

வீட்டுக்காரர்: புதுசா கேக்க என்ன இருக்கு? கல்யாணம் முடிஞ்ச வாரமே உன் தங்கச்சி உளறிட்டா. சிஸ்டர், அறுபத்திநாலுதான். சேர்த்த அன்னைக்கே நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேன்.

நர்ஸ்: அப்ப இவங்க உங்க எதிர்ல அம்பத்தெட்டுன்னப்ப ஏன் சார் வாயைத் திறக்கல?

வீட்டுக்காரர்: சந்தோஷமா இருந்துச்சும்மா. இவ்வளவு ஒழுங்கா பொய் சொல்றாளே, மூளைக்கு ஒண்ணும் ஆகலேன்னு.

நர்ஸ்: நல்ல குடும்பம். ஸ்ட்ரெச்சரை நிறுத்தறேன். ஆனா டாக்டர் வந்து ஒரு தடவை பார்ப்பாரு, சொல்லிட்டேன்.

பார்லர்க்காரம்மா: தெரிஞ்சுக்கிட்டேவா வருஷா வருஷம் என் பொறந்தநாள் கேக்குக்கு மெழுகுவத்தியைக் குறைச்சு வாங்கிட்டு வந்தீங்க?

வீட்டுக்காரர்: உன் சந்தோஷத்துக்குத்தான். இப்ப நீ பொழைச்சதே போதும் எனக்கு. இனிமேலும் அதே அம்பத்தெட்டா இருந்துக்கோ.

பார்லர்க்காரம்மா: அழ வைக்காதீங்க... நாலு வயசு மூத்தவளைக் கட்டிக்கிட்டோமேன்னு வருத்தமே வரலியா?

வீட்டுக்காரர்: நாலா... சிஸ்டர், இவளுக்கு பிரஷர் ஏறாம இருக்க ஏதாவது குடுத்துட்டீங்களா?

பார்லர்க்காரம்மா: எதுக்கு?

வீட்டுக்காரர்: நீ வயசை இறக்கினே... சின்னப் பையன்னு என்னை வேணாம்னுடுவியோன்னு நான் ஏத்தினேன். எனக்கு அம்பத்தேழுதான்.