நாலே முக்கால் பஸ்ஸுக்கு வந்தவள்

அதிகாலை நாலே முக்கால். டயகமவுக்கு அந்தப் பக்கம், மேலே ஏறுகிற ஒற்றை ரோடு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். விளக்கு கிடையாது... தோட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் இரண்டு பேர் இன்றைக்கு வீடு போய்ச் சேரமாட்டீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நடந்தது நம் செல்லசாமியின் மச்சினன் ஜீவராஜுக்கு. டிப்போவில் பஸ் டிரைவர்.

டிப்போ என்றால் பஸ்கள் தூங்குகிற கொட்டகை என்று நினைப்பீர்கள். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், பள்ளிக்கூடத்துக்கு எது, நானுஓயாவில் ரயில் பிடிக்கிற வெள்ளைக்காரனுக்கு எது... எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. முடிவு செய்கிறவர் டைம்கீப்பர் வியாகுலம். பஸ் ஒன்று குறைந்தால் வெட்டு விழுவது எப்போதும் தோட்டத்து ட்ரிப்புக்குத்தான். கொழுந்து பறிக்கிறவளுக்கு என்ன அவசரமாம்! கேட்டால் வயிறு எரிகிறதா இல்லையா?

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். ஜனங்கள் குடியிருக்கிற லயம் மேலே, ரோடு கீழே, நடுவில் இருநூறு படி. குளிரில் யாரும் முன்கூட்டியே வந்து நிற்பதில்லை. பஸ் கடைசி வளைவில் நின்று மூன்று ஹோன் அடிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் இறங்குவார்கள். டிரைவர் பத்து நிமிடம் நிற்பார். எந்தக் காகிதத்திலும் எழுதாத பேச்சு அது.

"ஹோன அடிங்க, ரெண்டு நிமிசம் பாருங்க, திருப்பிருங்க. ஆறு மணிக்கு பஸ் நானுஓயா ஸ்டேசன்ல நிக்கணும்." இது வியாகுலத்தின் புது உத்தரவு.

ஜீவராஜ் ஒரு நாள் அப்படியே செய்தான். ஒரே ஒரு நாள். அன்றைக்கென்று பார்த்து வினோதா என்ற பெண் பிரசவ வலியோடு, தாய் மீனம்மாவின் தோளைப் பிடித்தபடி பாதிப் படியில் இருந்தாள். இரண்டு பேரும் கத்தியிருக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பஸ்ஸின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது... வினோதாவும் வயிற்றில் இருந்ததும் அந்தப் படியிலேயே போய்விட்டார்கள். அன்றைய ட்ரிப் சீட்டில் வியாகுலம் எழுதினார்: "பயணிகள் இல்லை."

அதன் பிறகு ஜீவராஜ் தினமும் பத்து நிமிடம் நின்றான். ஒருத்தரும் இறங்கவில்லை. மூன்று மாதம். ஆள் இல்லாத ட்ரிப் எதற்கு என்று அதையே வெட்ட வியாகுலம் தயாரானார். கடைசியாக ஒரு நாள் காலை தானே வந்து பார்ப்பாராம். ஒருவராவது ஏறினால் பஸ் ஓடும். ஏறாவிட்டால், அடுத்து வலி எடுக்கிறவளுக்கும் பஸ் கிடையாது.

அதற்கு முந்தின நாள் மாலை ஜீவராஜ் படியேறிப் போய்க் கெஞ்சினான். மீனம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஒங்க ஹோனுக்கு இனி ஒரு உசுரும் எறங்காது. போங்க."

மறுநாள் கண்டக்டர் லீவு. பஸ்ஸில் இரண்டே பேர்... ஸ்டியரிங்கில் ஜீவராஜ், முன் சீட்டில் மஃப்ளர் சுற்றிய வியாகுலம். கடைசி வளைவு. மூன்று ஹோன். எஞ்சினை நிறுத்தினான். கண்ணாடியை ஒட்டிப் பனி. கூரைத் தகரத்தில் சொட்... சொட்...

"ரெண்டு நிமிசமாச்சு. திருப்புங்க."

"பத்து நிமிசம் நிப்பேன் சேர்."

"யாருக்கு? ஒங்க மாமியாருக்கா?"

அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்துப் பள்ளத்தில் தள்ளத் தோன்றியது ஜீவராஜுக்கு. அன்று திருப்பிய தன் கைகளையும் சேர்த்து வெட்டிப் போடத் தோன்றியது.

எட்டாவது நிமிடம்... படியில் சத்தம்.

தொப்... கொஞ்சம் நின்று... தொப். கனத்த காலடி. ஒரு படிக்கு ஒரு பெருமூச்சு.

"பாத்தீங்களா சேர், ஆள் வருது!" ஜீவராஜ் சந்தோஷமாகக் கதவுப் பக்கம் திரும்பினான். படியில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் இறங்கி வந்தது. ரோட்டுக்கு வந்தது. பஸ் இடது பக்கம் ஒரு தரம் தாழ்ந்தது. நல்லெண்ணெயும் பச்சை ரத்தமும் கலந்த ஒரு வாடை. வியாகுலத்துக்குப் பக்கத்து சீட் கிறீச்சென்றது.

பிறகு மணி. டிங் டிங். வண்டியை எடு என்று அர்த்தம்... கண்டக்டர் இல்லாத பஸ்ஸில்.

ஜீவராஜ் எடுத்தான். பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைப் பார்க்கவில்லை. பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. "இந்தத் தடவ கொண்டுபோய்ச் சேத்துர்றேன் தாயி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினான். பின்னால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு முனகல். அப்புறம் ஓர் அலறல். அப்புறம், பூனைக்குட்டி மாதிரி மெல்லியதாக வேறொரு குரல்.

ஆஸ்பத்திரி கேட். டிங். நிறுத்தினான். பஸ் லேசாக எழும்பியது. இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். வியாகுலம் இரண்டு கைகளையும் மார்போடு வளைத்துவைத்து அசையாமல் இருந்தார். சட்டைக் கை முழங்கை வரை ஈரம். அந்தக் குளிரில் ஈரத்திலிருந்து ஆவி எழும்பியது.

"ஜீவா... கையில குடுத்துட்டுப் போயிருச்சு... வாங்கிக்கங்க... கனக்குது..."

"நீங்களே வச்சுக்கங்க சேர். ஆள் இல்லைன்னு எழுதுனது நீங்கதானே."

ட்ரிப் சீட்டை எடுத்து ஜீவராஜே எழுதினான். பயணிகள்: இரண்டு.

ஐயோ பாவம் என்று யாரும் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. லயத்து ஜனங்களும் மறுபடி இறங்குகிறார்கள். வியாகுலமும் வேலையில்தான் இருக்கிறார். இடது கை மட்டும் மடங்கியபடியே, மார்போடு. எத்தனையோ டாக்டர் பார்த்தாகிவிட்டது, நிமிர்த்த முடியவில்லை. டிப்போவில் யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால் போதும்... அந்தக் கையை மெல்ல ஆட்டியபடி கெஞ்சுவார்.

"மெதுவா பேசுங்கப்பா... இப்பத்தான் கண்ண மூடுச்சு."